கூலியும் சாமியும்

நகைக்கடையில் பில் கைக்கு வந்ததும் கண் தேடுவது இரண்டு வரிகளைத்தான்: செய்கூலி, சேதாரம். நெல் மூட்டையை லாரியில் ஏற்றினால் ஏற்றுக்கூலி, இறக்கினால் இறக்குக்கூலி. மில்லில் அரவைக்கூலி, தையல்காரரிடம் தையல்கூலி, அறுப்பு முடிந்த களத்தில் மரக்காலால் அளந்து போடும் நெற்கூலி. வள்ளுவர்கூட விடாமுயற்சியின் பெருமை பேசும் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இந்தச் சொல்லை எடுத்தாண்டிருக்கிறார். உழைத்தவருக்குச் சேர வேண்டியது எதுவோ அது கூலி.

அதே சொல்லைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அது வசை. கண்ணியத்தைக் குலைத்த குற்றம் என்று வழக்குத் தொடர அந்நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. வெறுப்புப் பேச்சைத் தடுக்க 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சமத்துவச் சட்டமும் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறது.

இன்னொரு சொல்லும் அங்கே இதே கதிக்கு ஆளானது. கோயிலில் இருப்பவர் சாமி, மாலை போட்டு மலைக்குப் போகிறவரும் சாமி. டர்பன் அடங்கிய பிரிட்டிஷ் நேட்டால் குடியேற்றத்தின் வெள்ளையர் வாயிலோ, காய்கறிக் கூடையோடு வாசலுக்கு வந்த இந்தியர் எவராயினும் அவர் 'சாமி'தான். அழைத்தவர்கள் கும்பிட்டு அழைக்கவில்லை.

இரண்டு தமிழ்ச் சொற்கள் கப்பலேறிப் போய் அவமானப் பெயர்களாக மாறிய கதையைப் பலரும் மொழி தெரியாமல் நேர்ந்த தவறாகவே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது பாதிக் கதைதான். பொருள் தெரிந்தவர்களும் அந்தச் சொற்களை அப்படியேதான் ஆண்டார்கள். அவற்றிலிருந்து தப்ப நினைத்த இந்தியர்கள் சிலர், தப்பும் வேகத்தில் இழிவைத் தம் சொந்தத் தொழிலாளர்கள் தலையிலேயே இறக்கிவைத்தார்கள். அந்த மீதிப் பாதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தியக் கடற்கரைகளில் வணிகம் செய்த போர்ச்சுக்கீசியர்கள் வழியாகவே கூலி என்ற சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்தது. அதன் வேர் குறித்து இரு கருத்துகள் உண்டு. குஜராத்தின் கோலி என்ற இனக்குழுவின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் ஊதியத்தைக் குறிக்கும் கூலியிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இந்திய ஆங்கிலச் சொற்களுக்கென 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையும் பதிவு செய்திருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். களத்துமேட்டில் கூலி என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வேர் எதுவானாலும், மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்பது தெளிவு. தமிழில் கூலி என்பது கொடுக்கப்படும் பொருள். வாங்குகிறவர் கூலியாள், கூலிக்காரர். ஐரோப்பியர் வாய்க்குப் போனபோது 'ஆள்' உதிர்ந்துவிட்டது, கூலி மட்டும் நின்றது. மனிதருக்கு அவர் வாங்கும் காசே பெயராயிற்று. பிறகு காசும் குறைந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சீனத்தில் இச்சொல்லை எழுதத் தேர்ந்தெடுத்த இரண்டு எழுத்துகளுக்குக் கசப்பு, வலிமை என்று பொருள். 1904 முதல் 1910 வரை தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களுக்குக் கொண்டுவரப்பட்ட 63,000-க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்களுக்கும் இதே பெயர்தான் சூட்டப்பட்டது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அது 'கூலீ' ஆனது.

பிரிட்டிஷ் பேரரசு 1834-இல் அடிமை முறையை ஒழித்தபோது கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம் வந்தது. அந்த ஆண்டே மொரீஷியஸுக்கும், 1838-இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டார்கள். நேட்டாலில் கரும்பு காலூன்றியது 1850-களில். அங்கிருந்த ஜூலு மக்களுக்குச் சொந்த நிலமும் ஆடுமாடும் இருந்தன. வெள்ளையர் தோட்டத்தில் ஆண்டு முழுக்க அடைந்துகிடந்து உழைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. தோட்டக்காரர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள்.

ட்ரூரோ என்ற கப்பல் 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 342 பேருடன் புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. பத்து நாள் கழித்து கல்கத்தாவிலிருந்து பெல்விடியர் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை நேட்டால் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். வடாற்காடு, சித்தூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், விசாகப்பட்டினம் என ஊர்கள் விரிகின்றன. தாது வருடப் பஞ்சம் வடாற்காட்டுக் கிராமங்களைச் சூறையாடியதும் இந்தக் காலத்துக்குள்தான்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங். பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. தங்க இடமும் படியரிசியும் உண்டு. பத்தாண்டு கழித்தால் ஊர் திரும்ப இலவசப் பயணம். காகிதத்தில் இருந்தது இவ்வளவு. தோட்டத்தில் நடந்தது வேறு. முதலாளி கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் ஒரு மைல் தாண்டினால் கைது. அடிபட்டவர் புகார் சொல்லப் போவதற்கும் அடித்தவரிடமே சீட்டு வாங்க வேண்டும். 1871-இல் ரெட் ரைடிங் ஹூட் என்ற கப்பலில் சென்னை திரும்பியவர்கள் பிடித்து வைக்கப்பட்ட கூலியையும் சவுக்கடிகளையும் பற்றி அதிகாரிகளிடம் கொட்டித் தீர்த்தார்கள். அதன்பின் மேலும் ஆள் அனுப்ப இந்திய அரசு மறுத்தது.

நேட்டால் அரசு 1872-இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் பெயரே கூலி ஆணையம். அதற்கு முன்பு தொழிலாளர்களைக் கவனிக்க இருந்த அதிகாரியின் பதவிப் பெயர் கூலி ஏஜெண்ட். விசாரணைக்குப் பின் அந்த இடத்தில் 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' என்ற பதவி உருவானது. 1874-இல் கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. அரசுத் தாளில் பெயர் மாறியது உண்மை. தெருவிலும் செய்தித்தாளிலும் சந்தையிலும் கூலி கூலியாகவே நின்றது. ஷியா முஸ்லிம்களின் துக்க நாளான முகர்ரம்கூட நேட்டால் வெள்ளையர்களுக்குக் 'கூலி கிறிஸ்துமஸ்'. தோட்டக்காரர்கள் இந்தியர்களுக்கு விட்டுக்கொடுத்த முக்கியமான விடுமுறை அது என்பதால், தமிழ் இந்துக்களும் தாசியா ஊர்வலத்தில் சேர்ந்து புலிவேடம் கட்டி ஆடினார்கள். கரும்புக் கொல்லையில் வெந்த சனம் ஆண்டுக்கொரு முறை மூச்சுவிட்ட நாட்கள் அவை. அந்தப் பெயரைச் சூட்டியவர்களுக்கு அதன் துக்கமும் தெரியவில்லை, மகிழ்ச்சியும் தெரியவில்லை.

இனி சாமி.

நேட்டால் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள அடையாளம். சென்னையிலிருந்து போன கப்பல்களின் பட்டியலில் முனிசாமி, குப்புசாமி, ராமசாமி, வீராசாமி, கோவிந்தசாமி, சின்னசாமி என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. குலதெய்வத்தின் பெயரை வைத்து, மரியாதைக்கு ஒரு 'சாமி'யும் சேர்த்துப் பெற்றோர் சூட்டியவை. ஆங்கிலேயர் காதில் இது சாமுவேலின் செல்லப் பெயராகிய 'சாம்மி'யோடு போய் ஒட்டிக்கொண்டது. வீட்டு வேலைக்காரப் பையனை அழைக்கும் தோரணை அதில் ஏறியது. பிறகு குஜராத்தி, பீகாரி, மராத்தி என்ற பேதமின்றி எல்லா இந்திய ஆண்களுக்கும் அதே பெயர். கூடைக்காரப் பெண்கள் எல்லோரும் 'மேரி'. மாரியம்மாள் என்ற பெயர் காதில் விழுந்ததால் இது வந்தது என்று பலர் சொல்வதுண்டு.

ராமசாமிக்கு அதற்கு முன்பே ஒரு கதி நேர்ந்திருந்தது. தஞ்சாவூர் நீதிபதி தொகுத்த அதே அகராதி, ராமசாமி என்பது இந்துக்களுக்கான பொதுப்பெயராக, குறிப்பாக இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களைச் சுட்ட வழங்குகிறது என்கிறது. சுருட்டுப் பற்றவைக்க ஒரு குழாய்க்குள் வைத்திருக்கும் முறுக்கிய பஞ்சுத் திரிக்கும் அப்பெயர் இருந்ததாக அங்கே குறிப்பு உண்டு. ராமனின் பெயர் தாங்கிய மனிதர் முதலில் ஒரு கும்பலின் அடையாளமானார்; கடைசியில் துரையின் சட்டைப்பையில் கிடக்கும் ஒரு பொருளானார்.

இதற்குள் இன்னொரு வேதனை பொதிந்திருக்கிறது. வடாற்காட்டிலும் தஞ்சையிலும் 'சாமி' என்பது கடவுளை மட்டும் அழைக்கும் சொல்லாக இருந்ததில்லை. சேரியிலிருந்து வருகிற பண்ணையாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி, பண்ணையாரை அழைக்க வேண்டிய சொல்லும் அதுதான். பிறரைச் 'சாமி' என்று அழைத்தே காலம் கழித்த குடும்பத்துப் பிள்ளை கடல் தாண்டிப் போனார். அங்கே எசமானே அவரைச் 'சாமி' என்று கூப்பிட்டார். சொல்லின் திசை தலைகீழாகிவிட்டது, அதிகாரத்தின் திசை மாறவே இல்லை. ஊரில் அச்சொல் கீழிருந்து மேலே போனது, நேட்டாலில் மேலிருந்து கீழே விழுந்தது. இரண்டு இடத்திலும் குனிந்தவர் அவரே.

இந்தத் தலைகீழை உணர்ந்த சிலர் சும்மா இருக்கவில்லை. காந்தி தம் சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சாமி என்றால் தலைவன் என்றல்லவா அர்த்தம், நான் உங்களுக்குத் தலைவன் இல்லையே என்று துணிச்சலுள்ள இந்தியர்கள் வெள்ளையர்களிடமே திருப்பிக் கேட்பார்களாம். கேட்ட வெள்ளையரில் சிலர் கூசிப்போவார்கள். சிலர் கோபத்தில் திட்டுவார்கள், சமயம் வாய்த்தால் அடிக்கவும் செய்வார்கள். பொருள் தெரியாமல்தான் அழைத்தார்கள் என்றால் பொருள் தெரிந்தபின் கோபம் எங்கிருந்து வந்தது? அறியாமையைச் சுட்டிக் காட்டினால் வெட்கம் வரலாம், கை ஓங்காது. ஓங்கியது என்றால், சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்படவில்லை, வேண்டுமென்றே தாழ்த்தப்பட்டிருக்கிறது.

காந்தியும் இந்த இரு பெயர்களுக்கும் தப்பவில்லை. 1893 மே மாதம் டர்பனில் இறங்கியவர் சில நாட்களிலேயே 'கூலி பாரிஸ்டர்' ஆனார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறக்கிவிடப்பட்ட நிகழ்ச்சி எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் சார்லஸ்டவுனிலிருந்து குதிரை வண்டியில் போனபோது நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெள்ளையர்களோடு உள்ளே உட்கார விடாமல் அவரை வண்டிக்காரருக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். பாதி வழியில், வண்டிக்குப் பொறுப்பான வெள்ளையர் சுருட்டுப் பிடிக்க அந்த இடத்தைக் கேட்டார். கால்வைக்கும் பலகையில் ஓர் அழுக்குச் சாக்கை விரித்து, இதில் உட்கார் என்றார். அழைத்தது 'சாமி' என்று. மறுத்த காந்தியின் கன்னத்தில் அறைகள் விழுந்தன. ராஜ்கோட்டிலிருந்து வந்த குஜராத்தி பாரிஸ்டருக்கு விழுந்த அந்த அடி, முனிசாமிகளுக்கும் குப்புசாமிகளுக்கும் அன்றாடம் விழுந்துகொண்டிருந்ததுதான்.

சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வந்த குஜராத்தி முஸ்லிம் வணிகர்களுக்குக் கூலி என்ற பெயர் பொறுக்கவில்லை. அவர்களுக்கும் 'கூலி வியாபாரி' என்றுதான் பெயர். அவர்கள் தங்களை அரபிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். பார்சிகள் பாரசீகர் ஆனார்கள். நடுவில் நின்ற இந்து குமாஸ்தாக்களுக்கு அந்த வசதியும் இல்லை. டிரான்ஸ்வால் குடியரசு இதற்கு 1885-இலேயே பதில் சொல்லிவிட்டது. அவ்வாண்டின் மூன்றாம் சட்டம் கூலிகள் எனப்படுவோர், அரபிகள், மலாய்க்காரர்கள், துருக்கி ஆட்சிக்குட்பட்ட முகமதியர்கள் அனைவரையும் ஒரே வரியில் கட்டி, குடியுரிமை இல்லை, ஒதுக்கிய இடங்களுக்கு வெளியே நிலம் வாங்க உரிமை இல்லை என்றது. வேறு பெயர் சூடிக்கொண்டவர்களும் அதே சட்டத்தில்தான் சிக்கினார்கள்.

நேட்டால் இந்தியக் காங்கிரஸ் 1894-இல் பிறந்தபோது அதன் தூண்கள் இந்த வணிகர்களே. காந்தி எழுதிய தொடக்ககால மனுக்களிலும், வணிகரையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்ற வாதம் வருகிறது. டர்பன் அஞ்சலகத்தில் ஐரோப்பியருக்கு ஒரு வாசலும், ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் சேர்த்து ஒரு வாசலும் இருந்தன. காங்கிரஸ் போராடி மூன்றாவது வாசலைப் பெற்றது; ஆப்பிரிக்கரிடமிருந்து பிரிந்து நிற்க ஒரு வாசல். அதையும் அவர்கள் வெற்றியென்றே எழுதிக்கொண்டார்கள். நாங்கள் கூலிகள் அல்ல என்று வாதிட்ட ஒவ்வொரு மனுவும், கூலி என்றால் இழிவுதான் என்று வெள்ளையர் சொன்னதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அந்த மனுக்களின் நியாயமான கோபத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் கரும்புக் கொல்லையில் நின்ற தமிழ்ப் பெண்ணுக்கு அவற்றில் ஒரு வரியும் மிஞ்சவில்லை.

ஆப்பிரிக்கர்களை வெள்ளையர் அழைத்த 'காஃபிர்' என்ற சொல்லும் இப்படித்தான் பயணம் செய்தது. அரபியில் நம்பிக்கையற்றவர் என்று பொருள்படும் அது, தென்னாப்பிரிக்காவில் உச்சரிக்கவே கூடாத வசையாக முடிந்தது. இந்தியர்களும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். காந்தியின் ஆரம்ப எழுத்துகளிலும் அது இருக்கிறது. இலங்கையின் புத்தளம் பக்கத்தில் ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் சில காப்பிரியர் என்ற பெயரோடு, கூச்சமில்லாமல், இன்றும் வாழ்கின்றன. 

மனுக்கள் ஒருபுறம் போய்க்கொண்டிருக்க, 1894-இல் கிழிந்த துணியோடு, இரண்டு முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் வழிய ஒருவர் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். பாலசுந்தரம். டர்பனில் ஒரு வெள்ளையரிடம் ஒப்பந்தத்தில் இருந்த தமிழர். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். ஐரோப்பியரைப் பார்க்கப் போகும் ஒப்பந்தத் தொழிலாளி தலைப்பாகையைக் கழற்றியாக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். காந்தி அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டினார். முகத்தில் மலர்ச்சி தெரிந்தது என்று காந்தி எழுதுகிறார். வேறு முதலாளிக்கு அவர் மாற்றப்பட்டார். செய்தி தோட்டங்களில் பரவியது, சென்னை வரை போனது. அதற்குப் பின்தான் ஒப்பந்தத் தொழிலாளர்கள் காந்தியைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

நேட்டால் அரசு 1895-இல் புதிய வரி ஒன்றைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குபவர் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும். மாதம் 14 ஷில்லிங் சம்பாதிப்பவருக்கு அது நான்கு மாதக் கூலிக்கும் மேல். குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியே வரி. கட்ட முடியாதவர் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பார். சட்டத்தின் நோக்கமே அதுதான்.

ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் ஒதுக்கப்பட்டிருந்த பகுதிக்கு அரசாங்கமே சொல்லிய பெயர் கூலி லொக்கேஷன். சாக்கடையும் விளக்கும் கொடுக்காமல் விட்டு, அழுக்கு என்று பழி சொன்னார்கள். 1904-இல் பிளேக் வந்தபோது மக்களைக் கூடாரங்களுக்கு அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தையே கொளுத்தினார்கள். அந்த நகரத்தின் தமிழர்களே அடுத்த பத்தாண்டில் காந்தி நடத்திய இந்தியர் உரிமைப் போராட்டத்தின் முதுகெலும்பாக நின்றார்கள். வணிகர்களில் பலர் சிறைக்கும் சொத்து இழப்புக்கும் அஞ்சி ஒதுங்கியபோது, அந்தத் தமிழர்களின் தலைவரான தம்பி நாயுடுவும் தமிழ் நலச் சங்கத்தாரும் திரும்பத் திரும்பச் சிறை சென்றார்கள். காந்தி சிறைக்குள் தமிழ் படிக்க உட்கார்ந்தது இவர்களுக்காகத்தான்.

அந்தப் போராட்டத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டதும் இதே காலத்தில். ஆங்கிலேயர் சொல்லிய 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' என்ற பெயர் பலமில்லாதவரின் எதிர்ப்பு என்ற தொனியில் புரிந்துகொள்ளப்பட்டது. அடுத்தவர் வைத்த பெயரால் எவ்வளவு கெடுதி வரும் என்பது கூலி என்று அழைக்கப்பட்ட சமூகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் தொடங்கப்பட்டிருந்த இந்தியன் ஒப்பீனியன் இதழ் பரிசு அறிவித்து வாசகர்களிடம் பெயர் கேட்டது. வந்தவற்றில் ஒன்றைத் திருத்தி 1908-இல் சத்தியாக்கிரகம் என்ற சொல்லைக் காந்தி உருவாக்கினார்.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், 3 பவுன் வரி ஒழியும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று தொழிலாளர்களிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது. நவம்பரில் கரும்புத் தோட்டங்களும் நின்றன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். சிறையில் நோயுற்று வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16. தகப்பனார் பெயர் முனுசாமி.

சிறையிலிருந்து விடுதலையான காந்தி 1913 டிசம்பரில் டர்பன் கூட்டத்துக்கு வந்த கோலத்தைப் பார்த்து மக்கள் திகைத்தார்கள். மீசை இல்லை, கோட்டு இல்லை, பூட்ஸ் இல்லை. சுடப்பட்டு இறந்தவர்களுக்காகத் துக்கம் காக்க, ஒப்பந்தத் தொழிலாளி உடுத்தும் உடையில் வெறுங்காலோடு வந்திருந்தார். எங்களைக் கூலிகளோடு சேர்க்காதீர்கள் என்று மனு எழுதிய கை அது. இருபதாண்டில் அந்த மனிதர் நடந்துவந்த தூரத்தை இந்தக் கோலம் சொன்ன அளவுக்கு எந்த மனுவும் சொல்லவில்லை. 1914-இல் வரி நீக்கப்பட்டது.

கப்பல் போன மற்ற நாடுகளில் கூலி என்ற சொல்லுக்கு வெவ்வேறு கதி வாய்த்தது. மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தில் தொழிலாளர்கள் கரையேறிய படித்துறை நெடுங்காலம் கூலி காட் என்றே வழங்கியது. இன்று அது ஆப்ரவாசி காட்; குடியேறியோர் துறை என்று பொருள். 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதே தீவின் கவிஞர் கால் தொராபுலி எதிர்த்திசையில் போனார். 1992-இல் அவர் கூலி என்ற சொல்லிலிருந்தே 'கூலித்துவம்' எனத்தக்க ஒரு கருத்தாக்கத்தை உருவாக்கி, கடல் கடந்த உழைப்பாளிகள் அனைவரின் நினைவுக்கும் அதைக் கொடியாக்கினார். கயானாவில் ராஜ்குமாரி சிங் 1973-இலேயே, முன்னோர் வியர்வை சிந்திய பெயரை ஏன் மறைக்க வேண்டும், நான் கூலிதான் என்று எழுதியிருந்தார். இலங்கை மலையகத்தில் தோட்டச் சட்டங்கள் கூலி என்று குறித்த மக்கள், சங்கம் கட்டித் தொழிலாளர் ஆனார்கள்; பிறகு மலையகத் தமிழர் என்ற பெயரைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலோர் அச்சொல்லை மீட்க விரும்பவில்லை. நிறவெறி ஆட்சி 1994 வரை அங்கே நீடித்தது. அந்தச் சொல் எறியப்பட்ட நாட்களை நேரில் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டது கூலி உயர்வு கேட்டு, சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்காக. கூலி என்ற சொல் இங்கே உரிமைக் கோரிக்கை. அதைக் கேட்டவர்களைத் தாழ்வாகப் பார்த்த கண்களும் இங்கே இருந்தன. ரயில் நிலையச் சுமைதூக்கிகளைக் கூலி என்று சொல்லாமல் சகாயக் என்று சொல்லலாம் என 2016 ரயில்வே பட்ஜெட் அறிவித்தது. 2025-இல் ரஜினிகாந்த் படத்துக்கு அதே சொல் தலைப்பாகச் சுவர்களில் பளபளத்தது. ஊதியத்தைப் பற்றிய சொல்லாக அது இருக்கும்வரை தமிழர் யாருக்கும் அதில் கூச்சம் வந்ததில்லை.

சாமி இன்று டர்பனில் குடும்பப் பெயர். குடியேற்ற அலுவலகத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கவெண்டர் ஆனார், முனிசாமி மூன்சாமி ஆனார். எழுத்து மாறியும் பெயரை விடவில்லை அந்தக் குடும்பங்கள். தாத்தாவின் காலனி எண்ணை வைத்துக்கொண்டு கப்பல் பட்டியலில் ஊர்ப்பெயர் தேடுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிதைந்துபோன அந்த ஊர் வேலூர்ப் பக்கமா, திருவண்ணாமலைப் பக்கமா என்று விசாரிக்கிறார்கள்.

1938-இல் டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி ஒரு விளையாட்டு ஆசிரியர். நிறவெறி நாட்டை உலக விளையாட்டரங்கிலிருந்து விலக்கி வைக்கும் இயக்கத்தை லண்டனிலிருந்து நடத்தியவர். 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸுக்குத் தென்னாப்பிரிக்கா 32 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்தபோது, கறுப்பரும் வெள்ளையரும் கலந்த அந்த அணியை அழைத்துவந்த தேசிய ஒலிம்பிக் குழுவின் தலைவர் அவர்தான். நேட்டால் வெள்ளையர் இந்தியர்களை ஏளனமாகக் கூப்பிடப் பயன்படுத்திய 'சாம்மி', 'ராம்சாமி' இரண்டுமே அவர் பெயருக்குள் இருந்தன. இரண்டில் எதையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.